ஈரம் குடித்த மருந்து

வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஈரப்பதனைப் பற்றிப் புதிதாகப் படிப்பிக்க வேண்டியதில்லை. சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ யூரியா மூட்டையைப் பிரித்து, பாதியை வயலுக்கு வீசிவிட்டு, மீதியை வாய் கட்டாமல் விறாந்தையில் வைத்துப் பாருங்கள். சில நாளில் கசியும். பிறகு கட்டிபடும். மாரி பிறந்துவிட்டால் உலக்கையால் இடித்துத்தான் உடைக்க வேண்டும். மூட்டைக்குள் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றிலிருந்த நீராவியை உரம் தானே குடித்துக்கொண்டது.

வாகனத்தின் பாதுகாப்புப் பலூனைப் பற்றிய அத்தியாயத்தை உர மூட்டையில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வாகன வரலாற்றின் மிகப் பெரிய மீளழைப்புக்குக் காரணமான பொருளும் ஓர் உரம்தான்: அமோனியம் நைத்திரேற்று. 2020 ஓகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூட் துறைமுகத்தைத் தரைமட்டமாக்கியது அதே பொருள். அங்கே கிடந்தது 2,750 தொன். ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவில் இருந்தது சில பத்துக் கிராம். அதற்கும் ஈரம் பிடிக்கும்.

கல்முனைக் கரையில் இரவுகளில் வழக்கமாகக் காணும் காட்சி ஒன்று. இஷாத் தொழுகை முடிந்ததும் ஒரு வேன் வாசலில் வந்து நிற்கும். கட்டாருக்குப் போகிற மகனைக் கட்டுநாயக்கவில் வழியனுப்பக் குடும்பமே ஏறும். சோற்றுப் பார்சல், தண்ணீர்ப் போத்தல், தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். முன் இருக்கையில் மூத்தாப்பா. அவர் மடியில் மூன்று வயதுப் பேரன், லைட் பார்க்க ஆசைப்பட்டு முன்னால் வந்தவன். அவன் முகத்துக்கு நேரே டாஷ்போர்டில் எஸ்.ஆர்.எஸ். என்று மூன்று எழுத்துகள் பதிந்திருக்கும். அவற்றில் முதல் எழுத்துக்குப் பொருள் ‘துணையான’ என்பது. சீட் பெல்ட்டுக்குத் துணையாக வந்தது பலூன். பெல்ட் இல்லாதவருக்கும் மடியில் இருக்கிற பிள்ளைக்கும் அந்தத் துணை எப்படி மாறும் என்பதை அறிய, அது வேலை செய்யும் விதத்தை முதலில் பார்க்க வேண்டும்.

இமை மூடும் முன்

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடுகிறது. அது சுவரில் மோதினால் முழுக் கதையும் செக்கனில் பத்திலொரு பங்குக்குள் முடிந்துவிடும். அதற்குள் நான்கு காரியங்கள் நடக்க வேண்டும்.

வேகம் சட்டென்று விழுவதை முன்பக்க உணரி அறிகிறது. குழியில் விழுந்த குலுக்கலா, உண்மையான மோதலா என்று கட்டுப்பாட்டுப் பெட்டி பதினைந்து இருபது மில்லிசெக்கனில் தீர்மானிக்கிறது. தீர்மானித்ததும் ஒரு சிறு மின்னோட்டம் தீமூட்டிக்குப் போகிறது. உலோகக் கிண்ணத்துக்குள் அடைத்திருக்கும் வெடிமருந்து வில்லைகள் எரிந்து வாயுவாகின்றன. அந்த வாயு நைலோன் பையை அடுத்த முப்பது மில்லிசெக்கனில் நிரப்புகிறது. நாம் ஒருமுறை கண் சிமிட்டுவதற்கு இதைவிட மூன்று நான்கு மடங்கு நேரம் வேண்டும்.

பை நிரம்பியபடியே இருந்தால் அது தலையைப் பந்து போலத் திருப்பி எறிந்துவிடும். அதனால் பின்னால் துளைகள் வைத்திருக்கிறார்கள். முகம் வந்து பதியும்போது வாயு அந்தத் துளைகளால் வெளியேறிக்கொண்டிருக்கும். மனிதரை மெல்ல நிறுத்துவது இந்தத் தளர்ச்சிதான்.

பை விரியும்போது மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் வெளியே வரும். ஆகவே ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் இடையில் குறைந்தது 25 சென்றிமீற்றர் வேண்டும் என்கிறார்கள். மடியில் இருக்கும் பிள்ளைக்கு அந்த இடைவெளி கிடையாது. விரிந்து முடிந்த பையில் சாய்வதற்குப் பதிலாக, விரிந்துகொண்டிருக்கும் பையின் அடியை அவன் முகத்தில் வாங்குவான். பின்னாலிருந்து மூத்தாப்பாவின் உடல் அவனை நசுக்கும்.

வேன்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. காருக்கு முன்னால் நீண்ட மூக்கு இருக்கிறது. மோதினால் அது கசங்கிக் கசங்கி நேரம் வாங்கித் தரும். எஞ்சினை இருக்கைக்கு அடியில் வைத்த தட்டை முக வேனில் கசங்குவதற்கு இரும்பும் குறைவு, யோசிப்பதற்கு நேரமும் குறைவு.

நெசவில் தொடங்கிய கம்பனி

மருதமுனைக் கைத்தறியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மீளழைக்கப்பட்ட அந்தப் பலூன்களைச் செய்த டகாடா கம்பனியின் ஆரம்பம் பழகிய கதையாகத் தோன்றும். 1933இல் ஜப்பானின் ஷிகா மாகாணத்தில் ஒரு நெசவுத் தொழிலாகத் தொடங்கியது அது. பரசூட் நாடா நெய்தது. 1960களில் அதே கைப்பழக்கத்தில் சீட் பெல்ட்டுக்கு வந்தது. பிறகு பலூன். பெல்ட்டும் பலூனும் அடிப்படையில் துணிதானே. ஆனால் பலூனில் தவறு நடந்தது துணிக்குப் பின்னால் இருந்த மருந்தில்.

ஆரம்பகாலப் பலூன்களில் சோடியம் ஏசைட்டு இருந்தது. எரிந்தால் நைதரசன் தரும், ஆனால் அது நச்சுப் பொருள். அதற்கு மாற்றுத் தேடி ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு வழியில் போனது. 2000ஆம் ஆண்டையொட்டி டகாடா தேர்ந்தெடுத்தது அமோனியம் நைத்திரேற்று. காரணங்கள் தெளிவானவை. மலிவு. எரிந்தால் ஏறத்தாழ முழுவதும் வாயுவாகிவிடும், சாம்பல் இல்லை. அதனால் கிண்ணத்தைச் சிறியதாகவும் பாரம் குறைந்ததாகவும் செய்யலாம்.

போட்டிக் கம்பனியான ஒட்டோலிவின் அறிவியலாளர்கள் அந்த வடிவமைப்பைப் பரிசோதித்து, இது ஆபத்தானது என்று அப்போதே தங்கள் நிறுவனத்துக்குச் சொல்லியிருந்தார்கள். இந்தச் செய்தி பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் நியூயோர்க் டைம்ஸ் வழியாக வெளியே வந்தது.

முப்பத்திரண்டு பாகை

அமோனியம் நைத்திரேற்றுக்கு இரண்டு குணங்கள் உண்டு. இரண்டும் நம் கரைக்கு எதிரானவை.

முதலாவது, பளிங்கு மாற்றம். ஏறத்தாழ 32 பாகை செல்சியஸில் அதன் பளிங்குகள் ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு மாறும். மாறும்போது பருமனும் சில வீதம் மாறும். சூடாகும்போது ஒருமுறை, ஆறும்போது ஒருமுறை. கச்சான் காற்று வீசும் வைகாசி, ஆனி மாதங்களில் கல்முனையில் பகல் வெப்பம் இந்த எல்லையைத் தாண்டும். இரவில் கீழே இறங்கும். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் 50 பாகையைத் தாண்டும். டாஷ்போர்ட் அதைவிடக் கொதிக்கும். வெறும் அமோனியம் நைத்திரேற்றை வில்லையாக அழுத்தி அங்கே வைத்தால், ஒவ்வொரு நாளும் விரிந்து சுருங்கித் தூளாகிவிடும்.

இது டகாடாவுக்குத் தெரியும். பொற்றாசியம் நைத்திரேற்றைக் கலந்து பளிங்கை நிலைப்படுத்தினார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள்.

இரண்டாவது குணம் ஈரம் குடிப்பது. 30 பாகையில் காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 60 வீதத்தைத் தாண்டினாலே இந்த உப்பு நீரை இழுக்கத் தொடங்கும். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கிய நாடா போல் கிடக்கும் நம் ஊர்களில் சமையலறை உப்புப் போத்தலே இதற்குச் சாட்சி. கிண்ணம் மூடியிட்டுத்தான் இருக்கிறது. ஆனால் எந்த மூடியும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முழுமையாக அடைத்து வைப்பதில்லை. உள்ளே போன சிறிதளவு நீர் சும்மா இருப்பதில்லை. பகலில் ஆவியாகி எழும். இரவில் வில்லைமீது படியும். ஆயிரக்கணக்கான பகலும் இரவும் இப்படிப் போனால் இறுகியிருந்த வில்லை ஊதிப் பருத்து, உள்ளே நுண்துளைகள் விழுந்து, ரஸ்க் போல் ஆகிவிடும்.

நுண்துளை விழுந்தால் என்ன? அடுப்பங்கரையில் பதில் இருக்கிறது. தென்னங்குற்றி ஒன்று மணிக்கணக்கில் எரியும். அதே எடைத் தும்பைப் பிரித்துப் போட்டால் ஒரே மூச்சில் பொசுங்கிவிடும். எரிபொருளின் அளவு மாறவில்லை; தீ தொடக்கூடிய மேற்பரப்பு மாறியிருக்கிறது. வில்லையின் துளைகளுக்குள் தீ நுழைந்தால் வாயு முன்னிலும் வேகமாகப் பிறக்கும். வாயு பெருகினால் அமுக்கம் ஏறும். அமுக்கம் ஏறினால் எரிதல் இன்னும் வேகமாகும். இந்தச் சுழல் முடிவதற்குள் உருக்குக் கிண்ணமே கிழிந்துபோகும். பிறகு பலூனைக் கிழித்துக்கொண்டு வருவது கூரிய உலோகச் சில்லுகள். கழுத்துக்கும் முகத்துக்கும் நேரே வைத்து அடைத்த கைக்குண்டு என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

பலியும் வழக்கும்

2008 நவம்பரில் ஹொண்டா ஏறத்தாழ 4,000 கார்களை மீளழைத்தபோது அது சிறு தயாரிப்புக் கோளாறு என்றே கருதப்பட்டது. 2009 மே மாதம் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் முதல் மரணம் பதிவானது. உயிர் பிழைத்திருக்க வேண்டிய சாதாரண மோதல் அது. 2014 ஜூலையில் அமெரிக்காவுக்கு வெளியே முதல் மரணம் மலேசியாவின் சரவாக்கில் நடந்தது. ஓடியது ஹொண்டா சிட்டி. இறந்தவர் கர்ப்பிணித் தாய். பின்னரும் மலேசியாவில் பலர் பலியானார்கள். வெப்பமும் ஈரமும் அங்கேயும் நம் ஊர் போலத்தான்.

2015 மே மாதத்தில் அமெரிக்காவில் மட்டும் மீளழைக்க வேண்டிய வாகனங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 34 மில்லியனானது. அடுத்த ஆண்டு இன்னும் பெருகியது. கடைசியில் அங்கே 67 மில்லியன் கிண்ணங்கள். உலகம் முழுவதும் ஏறத்தாழ 100 மில்லியன். பட்டியலில் குடும்ப வேன்களும் இருந்தன: ஹொண்டா ஒடிசி, டொயோட்டா சியெனா. அமெரிக்காவில் குறைந்தது 28 பேர் இறந்தார்கள். காயப்பட்டவர்கள் 400 பேருக்கு மேல்.

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கண்டுபிடித்த காரணம் மூன்று சொற்களில் அடங்கும்: ஈரம், ஏறி இறங்கும் வெப்பம், காலம். மூன்றும் சேர வேண்டும். அதனால் அது நாட்டைக் காலநிலைப்படி வலயங்களாகப் பிரித்தது. புளோரிடா, ஹவாய் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த வலயத்தில் பழுதான கிண்ணங்கள் 6 முதல் 9 ஆண்டுகளில் ஆபத்தாகலாம். குளிர்ந்த வலயத்தில் 15 முதல் 20 ஆண்டுகள் எடுக்கும் என்று கணித்தது. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு கிண்ணங்கள். பிறந்த நாள் ஒன்று, முதுமை வேறு. நம் கரை எந்த வலயத்தைச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

2017 ஜனவரியில், பரிசோதனைத் தரவுகளைத் திரித்து வாகனக் கம்பனிகளுக்குக் கொடுத்ததற்காக டகாடா குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் 1 பில்லியன் டொலர் செலுத்தவும் இணங்கியது. அதே ஆண்டு ஜூனில் வங்குரோத்தானது. அடுத்த மாதம் சிட்னியில் ஒருவர் இறந்தார். 2018இல் அவுஸ்திரேலிய அரசு இந்த மீளழைப்பைக் கட்டாயமாக்கியது. 3 மில்லியனுக்கும் கூடிய வாகனங்கள் அதில் அடங்கின.

கடல் தாண்டாத கடிதம்

மீளழைப்பு எப்படி நடக்கிறது? கம்பனி பதிவேட்டைப் பார்த்து உரிமையாளருக்குக் கடிதம் போடும். அவர் வண்டியைக் கொண்டுபோய் விட்டால் இலவசமாக மாற்றிக் கொடுக்கும். இலங்கையில் ஓடும் ‘ரீகண்டிஷன்’ வேனுக்கு அந்தக் கடிதம் எங்கே போகும்? ஒசாகாவிலோ நகோயாவிலோ இருக்கும் முதல் உரிமையாளரிடம். அவர் வண்டியை விற்று எத்தனையோ காலம். வண்டி கடல் தாண்டி வந்துவிட்டது, கடிதம் வரவில்லை.

இதில் காலமும் நமக்கு எதிராகச் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டில் கையிலிருந்த வண்டியைத்தான் திருத்தித் திருத்தி ஓட்டினோம். எஞ்சினைக் கழற்றிப் பூட்டினோம், டயர் மாற்றினோம், பெயின்ற் அடித்தோம். ஸ்டியரிங்குக்குள் இருந்த கிண்ணத்தை யாரும் நினைக்கவில்லை.

எல்லா வேனிலும் டகாடா கிண்ணம் இருப்பதில்லை. டகாடா என்றாலே வெடிக்கும் என்பதும் இல்லை. உங்கள் வண்டி எது என்பதை ஊர்ப் பேச்சால் தீர்மானிக்க முடியாது. சேசிஸ் இலக்கம்தான் சொல்லும். ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்த வண்டிகளில் அது எழுத்தும் எண்ணுமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். நாம் வேனைக் ‘கேடிஎச்’ என்று கூப்பிடுவதே அந்த இலக்கத்தின் முதல் மூன்று எழுத்துகளால்தான்: கேடி என்பது டீசல் எஞ்சினின் குறி, எச் என்பது ஹையேஸ். டொயோட்டா, ஹொண்டா, நிசான் ஆகியவற்றின் ஜப்பானிய இணையத்தளங்களில் இந்த இலக்கத்தைக் கொடுத்தால், அந்த வண்டிக்கு மீளழைப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று காட்டும். ஜப்பானிய மொழியைத் தொலைபேசியே பெயர்த்துத் தரும் காலம் இது. இருந்தால், கொழும்பிலுள்ள முகவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள்.

நாடி மட்டும் பார்க்கும் விளக்கு

சில வருடங்களுக்கு முன் என் வண்டியின் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. உட்கார்ந்திருக்கும் மனிதன், அவன் முன்னால் ஒரு வட்டம். கராஜுக்குக் கொண்டுபோனேன்.

“காக்கா, இந்த லைட்டு எரிஞ்சிட்டே இரிக்கி.”

“ஒண்டும் பயப்படத் தேவல்ல தம்பி. பல்பக் கழட்டி உட்டாச் சரி.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. திறப்பைத் திருகியதும் அது சில செக்கன் எரிந்து அணைய வேண்டும். அந்த நேரத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு தீமூட்டியின் மின்தடையையும் அளந்து பார்க்கிறது. அணையாவிட்டால் எங்கோ இணைப்பில் கோளாறு. மோதினாலும் பலூன் விரியாமல் போகலாம். ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் சுருண்டு விரியும் நாடாக் கம்பி தேய்ந்து அறுந்திருக்கலாம். இருக்கைக்கு அடியிலுள்ள மஞ்சள் இணைப்பி கழன்றிருக்கலாம். விளக்கு தொடக்கத்திலேயே எரியவில்லை என்றால், உங்களுக்கு முன் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். முன்பு மோதி விரிந்த பலூனை மாற்றாமல் மூடியை மட்டும் ஒட்டியிருக்கவும் கூடும்.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. 2003, 2004ஆம் ஆண்டு ஹொண்டா ஒடிசி வேன்கள் அமெரிக்காவில் மீளழைக்கப்பட்டபோது காரணம் வேறு: கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஒரு சில்லு மின்னிரைச்சலால் கெட்டு, மோதாமலே பலூனை விரித்துவிடக்கூடியதாக இருந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த விளக்கு மின்சாரத்தை மட்டுமே அறியும். நாடி பார்த்து இரத்தப் பரிசோதனை செய்யாத வைத்தியர் போன்றது. வில்லை ஈரம் குடித்து ரஸ்க் ஆகியிருந்தாலும் விளக்கு ஒழுங்காக எரிந்து அணையும்.

கழுத்துக்குப் பின்னால் ஓர் எலிப்பொறி

பின்னாலிருந்து பஸ் ஒன்று முட்டினால் முன்பலூனுக்கு வேலையில்லை. இருக்கை முதுகை முன்னே தள்ளும். தலை இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அந்தக் கணத்தில் கழுத்து எஸ் எழுத்தைப் போல் வளையும். பெரிய இரத்தக்காயம் இல்லாமல் மாதக்கணக்கில் தலையிடியும் கழுத்து வலியும் தருவது இந்த வளைவுதான்.

இதைத் தடுக்க 1997இல் சுவீடனின் சாப் கம்பனி இயங்கும் தலைத்தாங்கியைக் கொண்டுவந்தது. முதுகு இருக்கையில் அழுந்தும்போது உள்ளே ஒரு நெம்புகோல் அசைந்து, தலைத்தாங்கியை மேலும் முன்னுமாகத் தள்ளும். தள்ளுவது நம் உடம்பின் பாரமே. மின்சாரமும் மருந்தும் தேவையில்லை.

பிறகு வேறொரு வகை வந்தது. இறுக்கிய வில்லுச்சுருளைக் கொக்கியால் பிடித்து வைத்து, மோதும்போது மின் சமிக்ஞையால் விடுவிப்பது. எலிப்பொறியின் தத்துவம். டொட்ஜ் கிராண்ட் கரவன் போன்ற குடும்ப வேன்கள் உட்படப் பல கிரைஸ்லர் குழும வாகனங்களில் இது இருந்தது. எந்த மோதலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலைத்தாங்கி பாய்ந்து பிடரியில் அடிக்கிறது, காரணம் வில்லுச்சுருளைப் பிடித்திருக்கும் பிளாஸ்திக் துண்டு வெடித்துப்போவது என்று உரிமையாளர்கள் முறையிட்டு, 2018இல் கலிபோர்னியாவில் வழக்கும் போட்டார்கள்.

பிளாஸ்திக் ஓயாத இழுவையின் கீழ் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். முற்றத்து நைலோன் கொடி சில மாதத்தில் தொய்வதும், கல்யாண வீட்டு வாடகைக் கதிரை ஒருநாள் திடீரென்று கால் விரிப்பதும் இதனால்தான். அந்த வேன்கள் நம் ஊரில் அரிது. ஆனால் பலூனும் இந்தத் தலைத்தாங்கியும் சொல்வது ஒன்றே: சக்தியை அடைத்து வைத்து, வேண்டிய கணத்தில் மட்டும் விடுவிக்கும் எந்தப் பொறிக்கும் அதைப் பிடித்து வைத்திருக்கும் பொருளின் வயதுதான் வயது.

பார்மசியில் மருந்து வாங்கினால் பட்டையைத் திருப்பிக் காலாவதித் திகதியைப் பார்க்காமல் வருவதில்லை. உங்கள் வேனிலும் மருந்து இருக்கிறது. அதற்கும் வயது உண்டு. நம் காற்று அதை வேகமாக மூப்படைய வைக்கிறது. வாகனப் புத்தகத்தை எடுத்துச் சேசிஸ் இலக்கத்தை இன்றிரவே தேடிப் பாருங்கள். நாளை திறப்பைத் திருகும்போது சிவப்பு விளக்கு எரிந்து அணைகிறதா என்று கவனியுங்கள். தலைத்தாங்கியின் மேல்விளிம்பைத் தலையின் உச்சி மட்டத்துக்கு உயர்த்துங்கள். முன் இருக்கையில் பெல்ட் 2011இலிருந்து சட்டம். பின்னால் இருப்பவர்களும் போடட்டும். இவற்றுக்கு நேரமில்லை என்றால் ஒன்றையாவது செய்யுங்கள்: அடுத்த முறை கட்டுநாயக்கவுக்குப் புறப்படுமுன், மூத்தாப்பாவின் மடியிலிருக்கும் பிள்ளையைப் பின் இருக்கைக்கு மாற்றுங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.